கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கால்சட்டை

குவிரின் ஸ்டாட்லரைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் ஊர் மரபு உடைச் சங்கம் அவனுக்காக நினைவு மலர் போடப் போகிறதாம். அவனோடு பள்ளியில் படித்தவர்களில் இன்னும் ஊரில் மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். அதனால் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் யோகென் வந்து கேட்டான். நாலு என்ன, ஒன்றாவது தேறுமா என்று மூன்று வாரமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். தேறவில்லை. இருப்பதை எழுதுகிறேன். அச்சில் போடுவதும் அடுப்பில் போடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் அஃப்ரா. மோஸ்ரைனில் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் விடுதி எங்களுடையது. அப்பா காலத்திலிருந்தே சங்கக் கூட்டம் எங்கள் பின்கட்டு அறையில்தான் நடக்கிறது. அந்த அறையில் குவிரின் முப்பது வருஷம் முழங்கினான். நான் முப்பது வருஷம் அவனுக்குப் பீர் ஊற்றினேன். எனக்குத் தெரியாத எதையும் அவன் சவப்பெட்டிக்குள் கொண்டுபோய்விடவில்லை.

அவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை. 1924இல், அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ரயில்வேயில் இருந்த அவன் அப்பாவுக்கு ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்து எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. ஒரு நாளைக்கு நாலு ரயில் நிற்கும் ஸ்டேஷன். முதல் நாள் பள்ளிக்கு அவன் மாலுமி உடையில் வந்தான். அகலமான வெள்ளைக் காலர், நீல முடிச்சு, முட்டி வரைக்கும் காலுறை, கழுத்துக் கயிற்றில் தொங்கிய ஒரு விசில். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் இடையில் ஒரு நாடே கிடக்கிறது. வகுப்பில் இருந்த பதினோரு பையன்களும் தோல் கால்சட்டையும் வெறும் முட்டியுமாக உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள். வாத்தியாரே சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோல் கால்சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவன் யோக்கியதை புரியாது. எங்கள் ஊரில் ஒரு பையனுக்கு என்று கால்சட்டை தைப்பதில்லை, ஒரு வீட்டுக்குத் தைப்பார்கள். மீனெண்ணெயில் பதனிட்ட மான் தோல், கொம்புப் பொத்தான், பின்னால் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு கயிறு. மூத்தவனுக்குத் தொடை முட்டினால் அடுத்தவனுக்கு, அவனுக்கும் முட்டினால் அதற்கடுத்தவனுக்கு. புதிதில் அது வெண்ணெய் நிறத்தில் இருக்கும், நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வர எந்தப் பையனும் கூசுவான். மாட்டுச் சாணம், பைன் மரத்துப் பிசின், சூப்பு, மீன் ரத்தம், கை துடைத்த எண்ணெய் என்று எல்லாம் ஏறி, பத்து வருஷத்தில் அடுப்புக் கதவு மாதிரி கறுத்துப் பளபளக்கும். அப்போதுதான் அது கால்சட்டை. மாட்டைக் கழுவுவோம், வண்டியைக் கழுவுவோம், செத்தவனைக் கழுவுவோம். கால்சட்டையைக் கழுவ மாட்டோம். அப்படி ஒரு நினைப்பே எங்கள் ஊரில் யாருக்கும் வராது.

அன்று சாயங்காலம் என் அண்ணன் க்ஸாவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து குவிரினைத் தூக்கி எங்கள் விடுதி வாசலில் இருந்த மாட்டுத் தொட்டியில் போட்டார்கள். மாலுமி ஆச்சே, நீந்தட்டும் என்றார்கள். அவன் எழுந்திருக்கப் பார்த்தபோது க்ஸாவர் அவன் மேலேயே உட்கார்ந்தான். அண்ணன் போட்டிருந்த கால்சட்டை என் பெரியப்பாவுக்குத் தைத்தது. அடுத்து அப்பா, அப்புறம் மூத்த அண்ணன் லியோன்ஹார்ட், அப்புறம் க்ஸாவர் என்று நாலு பேர் தேய்த்தது. பூ வேலை கிடையாது, மார்புப் பட்டை கிடையாது, முன்னால் பொத்தான் போட்டு மூடும் தட்டி குறுகலாக ஒன்று. இடது பின்பக்கத்தில் ஓர் ஒட்டு. அந்த ஒட்டைக் குவிரினைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது.

அடுத்த வாரம் அவன் அப்பா ம்யூனிக் போய், பெரிய கடையொன்றில் தோல் கால்சட்டை வாங்கி வந்தார். பச்சை நூலில் ஓக் இலை, அகலமான தட்டி, தோள் வார்களுக்குக் குறுக்கே ஓடும் மார்புப் பட்டையில் எலும்பில் செதுக்கிய எடல்வைஸ் என்ற மலைப்பூ. கோடையில் வந்து மலையைப் பார்த்து வாயைப் பிளக்கும் பட்டணத்துக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மாட்டி அழகு பார்க்கும் ரகம். எங்கள் பையன்கள் அவனுக்கு வெண்ணெய்க் கட்டி என்று பெயர் வைத்தார்கள்.

அன்று மத்தியானம் அவன் எங்கள் அடுப்படியின் பின்கதவுக்கு வந்து நின்றான். எனக்கு அப்போது பதினொரு வயது. உப்புக் கண்டம் போட்ட பன்றித்தோல் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டான். எதற்கு என்று கேட்டேன். அழத் தொடங்கினான். ஒரு கை அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தேன். அந்தக் கொழுப்போடு அடுப்புக் கரியையும் சேர்த்துத் தேய்த்து மூன்றே நாளில் கால்சட்டையைக் கறுப்பாக்கிவிட்டான். பார்வைக்குக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து பள்ளி வரைக்கும் ஏழு நாய்கள் அவன் பின்னாலேயே வந்தன. அன்றிலிருந்து அவன் பெயர் நாய்மேய்ப்பன். அந்தக் கோடை முடிந்ததும் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டவன், பையனாக இருந்தவரை மறுபடி தொடவில்லை.

அதுவரைக்கும் அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. சின்னப் பையன், அவமானப்பட்டான், ஒரு திருட்டு வேலை செய்தான். யார்தான் செய்யவில்லை. அதையே பின்னால் பரம்பரைச் சொத்து என்று கண்ணாடிப் பெட்டியில் மாட்டினானே, அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

நடுவில் போர் வந்தது. குவிரின் அப்பாவுக்குப் பின் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தான், அதனால் அவனைப் படைக்கு எடுக்கவில்லை. வகுப்பில் இருந்த அந்தப் பதினோரு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் ஆலை வேலைக்கு ம்யூனிக் போய்விட்டார்கள், ஒருவன் குடித்தே செத்தான். என் அண்ணன்கள் இருவரும் ரஷ்யாவில் செத்துப்போனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாய்மேய்ப்பன் என்று கூப்பிட ஊரில் ஓர் ஆண்பிள்ளை இல்லை.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கதைதான். போர் முடிந்து சங்கத்தை மறுபடி கூட்டியபோது குவிரின் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தான். பேச்சில் எங்களைவிட இரண்டு மடங்கு கொச்சை. நாங்கள் முழுங்கும் எழுத்தை எல்லாம் அவன் மென்று முழுங்கினான். ஒரு நாள் அந்தக் கால்சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். அம்மாவைப் பெற்ற தாத்தா சின்னப் பையனாகப் போட்டதாம், லெங்கிரீஸ் பக்கத்து மலைக்காரராம், நூறு வருஷத்துக் கால்சட்டையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். சங்கத்துக்காரர்கள் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள். பித்தளைத் தகடு அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, என் பின்கட்டு அறைச் சுவரிலேயே மாட்டினார்கள். அந்த வருஷமே அவனை உடை அதிகாரி ஆக்கினார்கள்.

பதவி வந்ததும் அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ஸ்டேஷன் டைப்ரைட்டரில் பன்னிரண்டு பக்கத்துக்கு விதி அடித்தான். பையன்களின் கால்சட்டை முட்டிக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். ஓக் இலை வேலைதான், வேறு இலை ஆகாது. நூல் பச்சைதான், மஞ்சள் கூடாது. தட்டி இத்தனை விரல் அகலம். மார்புப் பட்டையில் எலும்பு எடல்வைஸ், கலைமான் தலை கூடாது. இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தான் என்கிறீர்கள்? தன் கால்சட்டையைப் பார்த்துத்தான். ம்யூனிக் கடைக்காரன் 1924இல் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு விற்றது எங்கள் ஊர் மரபாகிவிட்டது. பெரியப்பா காலத்துப் பையன்கள் போட்ட வெறும் தோல் கால்சட்டை விதிக்குப் புறம்பாகிவிட்டது. தாய்மார்கள் பழையதைப் பரணில் போட்டுவிட்டு, விதிப்படி புதிது வாங்க ரோஸன்ஹைம் நகரத்துக்கு ஓடினார்கள். அவனுக்குப் பிறந்தது இரண்டும் பெண். ஊரான் வீட்டுப் பையன்களின் தொடையில் டேப்பை வைத்து அளந்துகொண்டு திரிந்தான்.

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். சங்கம் குடிக்கிற பீர் என் பீப்பாயிலிருந்து வருகிறது. அவ்வளவுதான். இதில் எனக்கும் பெருமை இல்லை.

1958இல் வட்டாரத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் முறை வந்தது. இருபத்திரண்டு ஊர்ச் சங்கங்கள், மூன்று நடுவர்கள், பிள்ளைகளுக்குத் தனியாக ஆட்டப் போட்டி. எங்கள் பையன்களில் முன்வரிசை ஆட்டக்காரன் யோகென். அதே யோகென்தான், இப்போது செயலாளர். அவன் அம்மா எர்னா கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து 1945இல் போருக்குத் தப்பி வந்தவள். மூன்று மாதக் குழந்தையாக அவனைத் துணிக்கூடையில் போட்டுக்கொண்டு வந்து என் அடுப்படியில் நின்றாள், அப்படியே வேலைக்கும் நின்றுவிட்டாள். பையன் என் அடுப்படியில் வளர்ந்தான். தொடையிலும் உள்ளங்காலிலும் தட்டித் தட்டி ஆடும் எங்கள் ஆட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லை. அவனுக்கு அப்போது பதிமூன்று வயது. அந்த இலையுதிர் காலத்தில் ரோஸன்ஹைமில் தச்சு வேலை பழகப் போகிறான். பிள்ளைகள் வரிசையில் அவன் ஆட அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். ஒரு வருஷமாகத் தூக்கத்தில்கூடக் காலைத் தட்டிக்கொண்டிருந்தான் என்று எர்னா சொல்வாள்.

ஆனால் அவனிடம் தோல் கால்சட்டை கிடையாது. துணிக் கால்சட்டையில் தட்டினால் சத்தம் வராது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் நான் மாடியில் இருந்த பெட்டியைத் திறந்து க்ஸாவரின் கால்சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து வருஷமாக அதை யாருக்கும் காட்டியதில்லை. கயிற்றை இரண்டு விரல் இறுக்கியதும் அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றது. பின்கட்டு அறைக்குப் போய் ஆடிப் பார்த்தான். அந்தத் தட்டுச் சத்தம் சுவர் வழியாக அடுப்படிக்கு வந்தபோது, க்ஸாவர் உள்ளே இருக்கிறான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுதேன்.

சனிக்கிழமை மத்தியானம் உடைச் சோதனை. பையன்களைப் பின்கட்டில் வரிசையாகப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினான் குவிரின். ஒவ்வொருவனாக முட்டிக்கு மேலே அளந்தான், பொத்தானை எண்ணினான், பூவைத் திருகிப் பார்த்தான். ஒரு பையனின் மார்புப் பட்டைப் பூ பிளாஸ்டிக் என்று பிடுங்கிக் கீழே போட்டான். மூலையில் சங்கத் தலைவர் பார்ட்ல் பெரியவர் பைப்பை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது, மேல்மலைப் பண்ணைக்காரர், தேவைக்கு மேல் பேச மாட்டார். நான் பீர்க் குவளைகளோடு வாசலில் நின்றேன்.

யோகெனிடம் வந்ததும் குவிரின் முகத்தைச் சுளித்தான்.

"இது எந்த ஊர்ச் சரக்கு? இலையும் இல்ல, பூவும் இல்ல. நம்ம பக்கத்துல இப்படி ஒண்ணு கெடையவே கெடையாதே. உங்க அம்மா ஊர்லேருந்து மூட்டைல வந்துதா?"

பையன்கள் சிரித்தார்கள். யோகென் காது வரைக்கும் சிவந்தான்.

"பெரியம்மா குடுத்தாங்க," என்றான்.

குவிரின் அவனைப் பின்பக்கம் திருப்பினான். இடது பக்கத்து ஒட்டின்மேல் அவன் கை நின்றுபோனது. மெல்ல என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"நல்லாப் பாரு குவிரினு," என்றேன். "உனக்குத் தெரிஞ்ச கால்சட்டைதான். ரொம்பக் கிட்டக்கவே பாத்திருக்க."

அங்கே வேறு யாருக்கும் அது புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. கழுத்தில் வேர்த்துவிட்டது. எங்கள் ஊர் இல்லை என்று இனிமேல் என் எதிரில் சொல்ல முடியாது. சரி என்றால் பன்னிரண்டு பக்க விதியும் போச்சு, இந்தக் கால்சட்டையையும் சுவரில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர் பார்க்கும். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான்.

"காலைல சொல்றேன்," என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். இவன் மூக்கை அறுத்துவிட்டோம், பையன் ஆடுவான் என்று நினைத்து இருநூறு பேருக்கு உருளைக்கிழங்கு அவிக்கப் போய்விட்டேன். முட்டாள் நான். அவன் போகிற வழியில் பின்கதவில் எர்னாவைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் முதல் மணிக்கு எழுந்து அடுப்படிக்கு வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கால்சட்டை தன் காலில் தானே நின்றுகொண்டிருந்தது. பாத்திரம் துடைக்கும் துணி நிறம். பலகை மாதிரி விறைத்திருந்தது. தொட்டால் டொக்கென்று சத்தம் வந்தது. பக்கத்தில் எர்னா சிவந்து வெந்த கைகளோடு, பெருமை பொங்க நின்றாள். சாயங்காலம் முழுக்கக் கொல்லைப்புறக் கொட்டகையில் சோடா உப்புப் போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்தாளாம். நாலு தண்ணீர் மாற்றினாளாம். முதல் தண்ணீர் மை மாதிரி கறுப்பாக வந்ததாம்.

"இப்பப் பாருங்கக்கா, புதுசு மாதிரி ஆயிடுச்சு," என்றாள்.

அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், ஓங்கினேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. என் அண்ணன்கள் இருவருக்கும் கல்லறை கிடையாது. அவர்கள் துணிமணி, கடிதம் எதுவும் வீடு வந்து சேரவில்லை. அந்தக் கால்சட்டையில் ஏறியிருந்த அழுக்கு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை அவள் நாலு தவணையாகச் சாக்கடையில் ஊற்றியிருந்தாள்.

யோகென் உள்ளாடையோடு பின்படியில் உட்கார்ந்திருந்தான். எங்களோடு வளர்ந்தவன், அவனுக்குத் தெரியும். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்வலம் ஒன்பது மணிக்கு. விறைத்த கால்சட்டைக்குள் அவன் காலே நுழையவில்லை.

ஏழு மணிக்குச் சங்கத்துக்காரர்கள் வெள்ளை சாஸேஜும் பீரும் சாப்பிட முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். எர்னா பரிமாற ஓடினாள். கால்சட்டை நன்றாகக் காயட்டும் என்று போகிற போக்கில் அதையும் எடுத்துப்போய் வெயிலில் வேலிமேல் நிறுத்தியிருந்தாள். பார்ட்ல் பெரியவர் சாஸேஜ் தோலை உரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"எவன் பண்ண வேல இது?"

"நாந்தான் தொவைச்சேங்கய்யா," என்றாள் எர்னா. "உடை அதிகாரிதான் சொன்னாரு, சுத்தமாத் தொவைச்சு எடுத்துட்டு வந்தாத்தான் பையன் ஆடலாம்னு."

அந்த நேரம் பார்த்துக் குவிரின் உள்ளே வந்தான். தொப்பியில் காட்டாட்டு மயிர்க் குஞ்சம், மார்பில் பதக்கம், கையில் பன்னிரண்டு பக்க விதி.

"நீ கழுவச் சொன்னியா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆமா, சொன்னேன். நாத்தம் புடிச்சுப் போய்க் கெடந்துதே. நான் போட்டுக்கறதையே வருஷா வருஷம் ம்யூனிக்குல குடுத்துச் சுத்தம் பண்ணித்தான்..."

அதோடு நிறுத்திக்கொண்டான். முற்றத்தில் முப்பது ஆண்கள் இருந்தார்கள். ஒருவரும் மெல்லவில்லை. நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவன் எங்கள் ஊரைக் காகிதத்தில் எழுதி வைத்துப் படித்தவன். கழுவக் கூடாது என்று அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. யாரும் சொல்ல வேண்டியிராத விஷயத்தை யார் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்? வேண்டுமென்றே செய்திருந்தால்கூட அவனைப் பகைவன் என்று மதித்திருப்பேன். பையனைத் தடுக்கக்கூட இல்லையாம், அவன் ஆட நல்ல வழி சொன்னதாகத்தான் நினைத்தானாம். வெறும் அறியாமை. அதற்குப் பதக்கம் வேறு.

பார்ட்ல் பெரியவர் கத்தியைத் தன் கால்சட்டையில் துடைத்து மடித்துப் பையில் போட்டார். 

நான் பின்கட்டுக்குப் போய் சாவியை எடுத்தேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். குவிரின் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அஃப்ரா, அதத் தொடாத. எங்க தாத்தாவோடது."

"எந்தத் தாத்தா? பன்னித்தோலு குடுத்தவ நானு," என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "கதவத் தொறந்து முத்தத்துல சொல்லட்டுமா, இல்ல பையன் போட்டுக்கட்டுமா?"

அவன் கதவைப் பார்த்தான். அதற்கு அப்பால் முப்பது பேர். பன்னிரண்டு வயதில் எங்கள் பின்கதவில் நின்ற அதே முகம். ஆனால் இந்த முறை எனக்கு இரக்கம் வரவில்லை. அவனே பெட்டியிலிருந்து அதை எடுத்து, யோகென் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

யோகென் ஆடினான். அப்பா, என்ன ஆட்டம்! மற்ற ஊர்ப் பையன்கள் ஆடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எர்னா எச்சில் தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். எங்களுக்கு மூன்றாம் பரிசு. நடுவர் குறிப்பை மேடையில் வாசித்தார்கள். முன்வரிசைப் பையன் அணிந்திருக்கும் கால்சட்டை, வட்டாரத்திலேயே கலப்படம் இல்லாத பழைய மரபுக்கு உயிர்ச் சான்று என்று இருந்தது. மூன்று நடுவர்களும் படித்தவர்கள். குவிரின் மேடை ஏறிச் சான்றிதழை வாங்கிக்கொண்டான். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். வெட்கமாவது, மானமாவது.

மறுநாள் அவன் என் அடுப்படிப் பின்கதவுக்கு வந்தான். க்ஸாவரின் கால்சட்டை மூலையில் கிடந்தது. அதைக் காட்டி, "கொஞ்சம் கொழுப்பு தடவுனா பழையபடி ஆயிடாதா, அஃப்ரா?" என்று கேட்டான். கதவைச் சாத்தினேன்.

அதற்கப்புறமும் பதினெட்டு வருஷம் அவன்தான் உடை அதிகாரி. ஊர் அவனை நீக்கவில்லை. விதி அடித்து, சந்தா வசூலித்து, வட்டாரத்துக்குக் கடிதம் எழுத வேறு எவனுக்குப் பொறுமை இருக்கிறது? பார்ட்ல் பெரியவர் மட்டும் சாகும் வரைக்கும் ஒவ்வொரு வருஷக் கூட்டத்திலும் எழுந்து, கால்சட்டை வெளுக்கப் போட்டாகிவிட்டதா என்று மிகவும் மரியாதையாக விசாரிப்பார். குறிப்பேட்டில் அதையும் எழுதுவார்கள். குவிரின் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த விஷயத்துக்குப் போவான்.

க்ஸாவரின் கால்சட்டையை யோகென் எடுத்துக்கொண்டு போனான். ஒரு குளிர்காலம் முழுக்க மீனெண்ணெய் விட்டுப் பிசைந்து பிசைந்து அதைத் தோலாக்கினான். இரண்டு வருஷம் அவன் போட்டான். இப்போது அவன் மூத்த பையன் போடுகிறான், இன்னும் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். கறுக்க ஆரம்பித்துவிட்டது. அது க்ஸாவரின் அழுக்கு இல்லை. பரவாயில்லை, பையனின் சொந்த அழுக்கு.

குவிரின் செத்த அன்று சங்கத்தில் முடிவு செய்தார்கள், தாத்தா கால்சட்டையைச் சவப்பெட்டிமேல் வைத்துக் கொண்டுபோவது என்று. யோகென் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். ஜன்னல் வெயில் இத்தனை வருஷமாகப் பட்டுப் பட்டு அது வெளுத்துவிட்டிருந்தது. கரி உதிர்ந்து, அங்கங்கே அந்த ம்யூனிக் வெண்ணெய் நிறம் எட்டிப் பார்த்தது.

"எப்படிப் பெரியம்மா இத வெக்கிறது?" என்றான். "யாரு நம்புவா?"

வைத்துவிட்டுப் போ என்றேன். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். உப்புக் கண்டத்திலிருந்து ஒரு கை அகலத்துக்குத் தோல் வெட்டினேன். அடுப்பிலிருந்து கொஞ்சம் கரி எடுத்தேன். பதினொரு வயதில் கொடுத்ததை அறுபத்து நாலு வயதில் நானே உட்கார்ந்து தேய்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவனை நினைத்துத் திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன். அரை மணியில் நூறு வருஷத்துக் கால்சட்டை ஆகிவிட்டது.

ஊர்வலம் தேவாலயத்தைத் தாண்டியபோது பாதிரியாரின் நாய் வேலிக்கு அடியில் புகுந்து வந்தது. இன்னும் இரண்டு நாய்கள் சந்திலிருந்து வந்தன. கல்லறை வரைக்கும் சவப்பெட்டியை விட்டு ஓர் அடி பிரியவில்லை. குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, விரட்டினாலும் போகவில்லை. வாயில்லா ஜீவனுக்குக்கூட அவர் அருமை தெரிந்திருக்கிறது பாருங்கள் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சவப்பெட்டியைத் தாங்கியிருந்த யோகென் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் கையிலும் அதே வாடைதான் அடித்தது.